விரலை மறந்த தேர்வு

பெரிய ரிவால்வர்களுக்கு அமெரிக்காவில் மறுபடியும் நல்ல காலம். 2003இல் ஸ்மித் அண்ட் வெஸன் நிறுவனம் .500 மேக்னம் தோட்டாவையும், அதற்கென்றே ஐந்து அறைகள் கொண்ட, ஏறத்தாழ இரண்டு கிலோ எடையுள்ள ரிவால்வரையும் சந்தைக்குக் கொண்டுவந்தது. உற்பத்தி நின்றுபோயிருந்த பைத்தான் ரிவால்வரை கோல்ட் நிறுவனம் 2020இல் மீட்டெடுத்தது, அடுத்த ஆண்டே .44 மேக்னம் அனகோண்டாவும் திரும்பி வந்தது. இந்த அலையோடு ஒரு பழைய அறிவுரையும் திரும்பியிருக்கிறது: வாங்குவதென்றால் பெரிய காலிபராக வாங்கு, எஃகுச் சட்டம் கனமானதா என்று பார், சுட்டபின் துடைத்து எண்ணெய் போட்டு வை, பேரன் காலம்வரை உழைக்கும். இந்த அறிவுரையில் பாதி சரி. மிச்சமுள்ள பாதி, டபுள் ஆக்‌ஷன் ரிவால்வர் எதற்காக உருவானது என்பதையே மறந்துவிட்டுப் பேசுகிறது.

சரியான பாதியை முதலில் ஒப்புக்கொண்டுவிடலாம். ஒரு தோட்டா வெடிக்காமல் போனால் ரிவால்வரில் மீண்டும் விசையை இழுத்தால் போதும், அடுத்த அறை முன்னால் வந்து நிற்கும். தானியங்கிக் கைத்துப்பாக்கி இயங்கத் தோட்டாவின் வேகமும் முனை வடிவமும் ஒரு வரம்புக்குள் இருக்க வேண்டும். ரிவால்வருக்கு அந்தக் கட்டாயம் இல்லை. .44 மேக்னத்துக்கான அறையில் அதன் முன்னோடியும் சற்றே குட்டையுமான .44 ஸ்பெஷலையும் சுடலாம். ஐடஹோவின் எல்மர் கீத் பல ஆண்டுகள் வற்புறுத்தியதன் பலனாக ரெமிங்டன் தோட்டாவையும் ஸ்மித் அண்ட் வெஸன் ரிவால்வரையும் செய்ய, 1955இன் இறுதியில் பிறந்து பின்னர் மாடல் 29 என்று பெயர் பெற்ற அந்த ஆயுதம், கைவேலையின் நேர்த்திக்கு இன்றும் சான்று. வலிமை, எளிமை, நேர்த்தி மூன்றும் உண்மை. என் மறுப்பு இவற்றின் மேல் இல்லை.

மறுப்பு ஒன்றே ஒன்று. பெரிய ரிவால்வரைத் தேர்ந்தெடுப்பவர்கள் தோட்டாவைத் தேர்ந்தெடுக்கிறார்கள்; விசையைத் தேர்ந்தெடுப்பதில்லை. சிங்கிள் ஆக்‌ஷனில் கட்டைவிரல் சுத்தியலைப் பின்னுக்கு இழுத்து நிறுத்துகிறது, விசை அதை விடுவிக்க மட்டுமே செய்கிறது. டபுள் ஆக்‌ஷனில் ஒரே ஓர் ஆள்காட்டி விரல், ஒரே இழுப்பில், உருளையைச் சுழற்றி, சுத்தியலைப் பின்தள்ளி, அதை விழவும் வைக்கிறது. முதலாவதற்கு ஒன்றரை கிலோ அளவுக்கு அழுத்தம் போதும். இரண்டாவதற்குத் தொழிற்சாலையிலிருந்து வந்த நிலையில் ஐந்து கிலோ வரை தேவைப்படும். ஆறரை அங்குலக் குழல் உள்ள மாடல் 29 சுமார் 1.35 கிலோ. அதாவது, ஆயுதத்தின் எடையைப் போல் ஏறத்தாழ நான்கு மடங்கு அழுத்தத்தை ஒற்றை விரலால் செலுத்தும்போது, முன்குறி அசையாமல் நிற்க வேண்டும். அதற்கு மேல் அடுத்த இழுப்புக்குள் பின்னுதைப்பிலிருந்து கை மீள வேண்டும். இந்தக் கலையைக் கற்காதவர் கையில் டபுள் ஆக்‌ஷன் என்பது பயன்படாத ஒரு கூடுதல் பொறிமுறை. கற்கப் பெருந்தடையாக நிற்பதோ, அவர் பெருமையோடு தேர்ந்தெடுத்த அந்தத் தோட்டாதான். நாற்பது ஐம்பது முறை மேக்னம் சுட்ட கையில், தொடக்கத்தில் இருந்த ஒழுங்கு மிஞ்சுவதில்லை. அதிர்ச்சியை எதிர்பார்த்து மணிக்கட்டு முன்கூட்டியே குலுங்கக் கற்றுக்கொள்கிறது. அப்படிப் படிந்த பழக்கத்தை அகற்றுவது புதிதாகக் கற்பதைவிடக் கடினம்.

டபுள் ஆக்‌ஷனால் துல்லியமாகச் சுட முடியாது என்று இதற்குப் பொருள் இல்லை. எட் மெக்கிவர்ன் 1932இல் ஐந்து குண்டுகளை அரை நொடிக்குள், ஒரு சிறு வட்டத்துக்குள் சுட்டுக் காட்டினார். 1999இல் ஜெர்ரி மிகுலெக் ஆறு சுட்டு, உருளையை மீண்டும் நிரப்பி, இன்னும் ஆறு சுட எடுத்துக்கொண்ட நேரம் 2.99 நொடி. அவர் கையில் இருந்தது .45 ஏசிபி தோட்டாவுக்கான மாடல் 625. மாடல் 29 எந்தப் பெரிய சட்டத்தில் அமைந்ததோ அதே சட்டம். காலிபர் .44ஐவிடப் பெரிது, பின்னுதைப்போ முழு மேக்னத்தில் பாதிகூட இல்லை. பெரிய குழலும் பெரிய உதைப்பும் ஒன்றல்ல என்பதை இது தெளிவாகக் காட்டுகிறது. பிரிட்டிஷ் இராணுவம் இதே முடிச்சை வேறு வழியில் அவிழ்த்தது. முதல் உலகப் போரில் .455 வெப்ளி நன்றாகவே உழைத்திருந்தது. ஆனாலும் குறைந்த நேரத்தில் ஒரு வீரனைத் தேற்ற அது பெரிது என்று முடிவு செய்து, 1932இல் .38 என்ஃபீல்டுக்கு மாறினார்கள். 1938இல் சுத்தியலின் நுனியையே வெட்டி, டபுள் ஆக்‌ஷனில் மட்டும் சுடக்கூடியதாக்கினார்கள். அந்த மாற்றத்தை வீரர்கள் பலர் வெறுத்தார்கள் என்பதும் உண்மை. ஆனால் கேள்வியை எங்கிருந்து தொடங்க வேண்டும் என்பதில் அந்த இராணுவம் தெளிவாக இருந்தது: சுடுபவனின் கையிலிருந்து. இன்றைய வாங்குபவர் தோட்டாவின் அட்டவணையிலிருந்து தொடங்குகிறார்.

இந்தத் தலைகீழ் வரிசைக்கு என்ன விலை என்பது 1970 ஏப்ரலில் கலிஃபோர்னியாவின் நியூஹாலில் வெளிப்பட்டது. சில நிமிடங்களில் நெடுஞ்சாலைக் காவலர் நால்வர் கொல்லப்பட்டார்கள். தோல்விக்குப் பல காரணங்கள் உண்டு. அவற்றை ஒன்றாகச் சுருக்குவது நியாயமல்ல. ஆனால் பின்னர் நடந்த விவாதத்தில் ஓயாமல் எழுந்த கேள்வி ஒன்று: பயிற்சித் திடலில் மென்மையான .38 தோட்டாவைச் சுட்டுப் பழகியவர்கள் பணியில் .357 மேக்னத்தை நம்பிப் போனது ஏன்? பணியில் எதை வைத்திருக்கிறாயோ அதைக்கொண்டே பயிற்சி செய் என்ற பாடம் அதற்குப் பிறகு காவல் துறைகளில் வேரூன்றியது. ஒரே ஆண்டு கழித்து, 1971இல், ‘டர்ட்டி ஹாரி’ படத்தில் கிளின்ட் ஈஸ்ட்வுட் மாடல் 29ஐத் தூக்கிக் காட்ட, கடைகளில் அது கிடைப்பதே அரிதாயிற்று. ஒரு நாடு ஒரு பாடத்தைக் கற்றுக்கொண்டிருந்த வேளையில், திரை அதற்கு நேர்மாறான பாடத்தை வெகு வசீகரமாகக் கற்பித்தது. இன்றைய மோகமும் அந்தத் திரைப்பாடத்தின் வழித்தோன்றலே என்பது என் உறுதியான கருத்து.

பெரிய ரிவால்வரின் ஆதரவாளர்கள் இங்கே அலாஸ்காவைக் கொண்டுவருவார்கள். பழுப்புக் கரடி பாயும்போது சின்னத் தோட்டா என்ன செய்யும் என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி, சான்றோடு பதில் சொல்ல வேண்டிய கேள்வி. டாம் ஸ்மித், ஸ்டீஃபன் ஹெரெரோ முதலியோர் 2012இல் வெளியிட்ட ஆய்வு, 1883 முதல் 2009 வரை அலாஸ்காவில் துப்பாக்கி இருந்த 269 கரடி நிகழ்ச்சிகளைத் தொகுத்தது. கைத்துப்பாக்கி பயன்பட்ட நிகழ்ச்சிகளில் 84 விழுக்காடு வெற்றி என்ற வரியை ஆதரவாளர்கள் விரும்பி எடுத்துக்காட்டுகிறார்கள். அதே ஆய்வின் முடிவை விட்டுவிடுகிறார்கள்: துப்பாக்கியைப் பயன்படுத்தியவர்களுக்கும், வைத்திருந்தும் பயன்படுத்தாதவர்களுக்கும் நேர்ந்த காயங்களில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. தோல்விக்கான காரணங்களில் முன்னால் நின்றது தோட்டாவின் வலிமைக் குறைவு அல்ல, நேரமின்மை. புதரிலிருந்து கரடி வெளிப்படும்போது சுத்தியலைக் கட்டைவிரலால் இழுத்து நிறுத்த நேரம் கிடையாது. இருப்பது ஒரு நீண்ட இழுப்பு, முடிந்தால் இன்னொன்று. ஆக, கரடியைக் காட்டி மேக்னத்தை நியாயப்படுத்துபவர், உண்மையில் டபுள் ஆக்‌ஷன் பயிற்சியின் இன்றியமையாமையைத்தான் நிறுவுகிறார். அந்தப் பயிற்சி இல்லாத கையில் .500 மேக்னம் எழுப்புவது பெரிய ஓசை மட்டுமே.

வேட்டைக்காரர்களின் வாதம் இதைவிட வலுவானது. மானை நோக்கி நிதானமாகக் குறிபார்த்து, சுத்தியலை இழுத்து நிறுத்தி, ஒரே குண்டில் முடிப்பவருக்கு நீண்ட இழுப்பு தேவையில்லை என்பார்கள். ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அவருக்கு டபுள் ஆக்‌ஷனும் தேவையில்லை. ரூகர் நிறுவனம் 1959இலிருந்து சூப்பர் பிளாக்ஹாக் என்ற சிங்கிள் ஆக்‌ஷன் ரிவால்வரை அதே .44 மேக்னத்துக்குச் செய்துவருகிறது. உருளை பக்கவாட்டில் வெளியே சாயாத, கட்டமைப்பில் எளிய, உறுதி மிக்க கருவி அது. எப்போதும் சுத்தியலை இழுத்தே சுடுவேன் என்பவர் டபுள் ஆக்‌ஷனுக்குக் கொடுக்கும் கூடுதல் பணம், தான் ஒருபோதும் இயக்காத ஒரு பொறிமுறைக்கான விலை. இருந்தும் வேட்டைக்காரரிடமும் டபுள் ஆக்‌ஷனே விற்கப்படுகிறது. இரண்டும் உண்டே என்பது விற்பனையாளரின் வாதம். இரண்டில் ஒன்றைக் கற்காதவரிடம் இருப்பது ஒன்றுதான்.

பராமரிப்பிலும் இதே மறதி தொடர்வதைத்தான் பலர் கவனிப்பதில்லை. குழலைத் துடைப்பதோடு பராமரிப்பு முடிந்தது என்று நினைக்கிறார்கள். பெரிய ரிவால்வர் தேய்வது குழலில் அல்ல, உருளையைச் சுழற்றிப் பூட்டும் உறுப்புகளில். சுத்தியல் விழுவதற்கு முன்பே உருளை சரியான இடத்தில் பூட்டிக்கொள்கிறதா என்பதே ஆரோக்கியத்தின் முதல் சோதனை. வெற்று ஆயுதத்தில், ஒன்றுக்கு இருமுறை உருளையைத் திறந்து பார்த்துவிட்டு, ஒவ்வோர் அறைக்கும் விசையை மிக மெதுவாக இழுத்து இதைப் பார்க்க வேண்டும். கட்டைவிரலால் மட்டும் இழுத்துப் பார்ப்பவர் பாதிச் சோதனையையே செய்கிறார். உருளை முன்னும் பின்னும் ஆடுகிறதா, குழலுக்கும் உருளைக்கும் இடையே உள்ள மில்லிமீட்டரில் ஒன்றிரண்டு பத்தில் பங்கான இடைவெளி கூடுகிறதா என்பதும் அவ்வப்போது அளக்கப்பட வேண்டியவை. வெற்றுக் கூடுகளை வெளித்தள்ளும் நட்சத்திரத் தகட்டின் அடியில் எரியாத மருந்துத் துகள் சிலது சிக்கினாலே உருளை இறுகி, இழுப்பு கனத்துவிடும். குழலை மேல்நோக்கி நிறுத்திக் கூடுகளைத் தள்ள வேண்டும் என்பது இதனால்தான். திரையில் காட்டுவதுபோல மணிக்கட்டைச் சுண்டி உருளையை மூடுவது, அதைத் தாங்கும் உலோகக் கையை வளைத்து இந்த ஒழுங்கு முழுவதையும் குலைக்கும். மாடல் 29இன் வரலாறே ஓர் எச்சரிக்கை. 1980களில் உலோக உருவங்களைக் கனத்த தோட்டாக்களால் ஓயாமல் சுட்ட போட்டியாளர்களின் ரிவால்வர்களில், பின்னுதைப்பில் உருளை பூட்டு விட்டுப் பின்னோக்கித் திரும்பி, சுத்தியல் ஏற்கெனவே சுட்ட கூட்டின் மேலேயே விழுந்தது. உருளையின் பூட்டுப் பள்ளங்களை நீட்டி, உள்ளுறுப்புகளையும் திருத்த நேர்ந்தது. எஃகையும் ஓயாத மேக்னம் சோர்வடையச் செய்கிறது. சுடுபவரின் மணிக்கட்டு மட்டும் விதிவிலக்கா?

இழுப்பு கனம் என்று தெரிந்தவுடன் பலர் நாடும் குறுக்குவழி அதைவிட மோசமானது. ஸ்மித் அண்ட் வெஸனின் கைப்பிடி முன்புறம் உள்ள அழுத்தத் திருகை இரண்டு சுற்றுத் தளர்த்தினால் சுருள்வில்லுக்குப் பதிலாக அங்கே இருக்கும் தட்டை வில் இளகி, இழுப்பு உடனே மென்மையாகும். கூடவே சுத்தியலின் அடியும் இளகும். தோட்டா வெடிக்காமல் போகும். எந்த நம்பகத்தன்மைக்காக ரிவால்வரை வாங்கினார்களோ, அதையே ஒரு திருகாணியில் விட்டுக்கொடுக்கிறார்கள். உறுப்புகளைத் தேர்ந்த கைவினைஞர் மெருகேற்றுவது வேறு. அது உராய்வைக் குறைக்கும், அடியைக் குறைக்காது. .44 ஸ்பெஷலால் பழகிக்கொள்ளலாமே என்ற யோசனை, குறுக்குவழிகளில் நேர்மையானது. அதிலும் இரண்டு நிபந்தனைகள் உண்டு. குட்டைக் கூடு அறையின் முன்பகுதியில் கரியும் ஈயமும் கொண்ட வளையத்தை விட்டுச்செல்லும். அதைத் துலக்காமல் நீண்ட மேக்னத்தைச் செருகினால் கூடு உள்ளேயே சிக்கிக்கொள்ளும். இரண்டாவது, பழகிய தோட்டாவே பயன்படுத்தும் தோட்டாவாகவும் இருக்க வேண்டும். ஸ்பெஷலில் பழகி மேக்னத்தோடு காட்டுக்குப் போவது நியூஹாலின் பிழையை அறிந்தே செய்வது.

எனவே தேர்வின் வரிசையைத் திருப்ப வேண்டும் என்பதே என் வாதம். கடையில் முதல் கேள்வி எந்தக் காலிபர் என்பதாக இருக்கக் கூடாது. வெற்று ரிவால்வரை, கடைக்காரர் அனுமதியோடு பாதுகாப்பான திசையில் நீட்டி, ஒற்றை இழுப்பில் விசையை முழுவதும் இழுக்கும்போது முன்குறி இலக்கின் மேல் நிற்கிறதா? விரல் விசையின் நடுவில் இயல்பாகப் பொருந்துகிறதா? அந்த இழுப்பை உதைப்போடு ஐம்பது முறை திரும்பத் திரும்பச் செய்ய எந்தத் தோட்டா இடம் தருகிறது? இந்த மூன்று கேள்விகளுக்கும் வரும் விடையே காலிபரைச் சொல்லட்டும். விடை .44 மேக்னம் என்று வருமானால் அவர் அதற்கு உரியவர். வாரந்தோறும் டபுள் ஆக்‌ஷனில் மட்டும் பழகி அந்த உரிமையைக் காக்கட்டும். விடை .45 ஏசிபி என்றோ .38 என்றோ வந்தால், அதில் இழிவு எதுவும் இல்லை. விடை தெரியாமலே பெரியதை வாங்கி, எண்ணெய் பூசி வைப்பவர் காப்பது ஓர் ஆயுதத்தை அல்ல, தன்னைப் பற்றிய ஒரு நம்பிக்கையை. அந்த நம்பிக்கை தேவைப்படும் நொடியில் விசையை இழுத்துத் தராது.