தொப்புள்கொடி டெபாசிட்

உங்கள் வீட்டில் யாருக்காவது இப்போது ஏழாம் மாதமா? அப்படியானால் வளைகாப்புக்கு முன்னாலேயே வழவழ காகிதத்தில் ஒரு விளம்பரப் புத்தகம் வந்திருக்குமே. அட்டையில் தூங்கும் குழந்தை. உள்ளே, தொப்புள்கொடி ரத்தத்தையும் கொடியையும் எங்கள் வங்கியில் போட்டு வையுங்கள், நாளைக்கு இதய வால்வோ குருத்தெலும்போ பழுதானால் குழந்தையின் சொந்தச் செல்லிலிருந்தே புதுசு செய்துகொள்ளலாம் என்கிற ரீதியில் வாசகங்கள். கடைசிப் பக்கத்தில் தவணைத் திட்டம்.

நான் பி.காம். காரன். வங்கி என்றாலே கணக்கைத்தான் முதலில் பார்ப்பேன். பொருளும் நம்முடையது, பணமும் நாம்தான் கட்ட வேண்டும். வட்டி கிடையாது, முதிர்வுத் தேதி யாருக்கும் தெரியாது. இதற்குப் பெயர் டெபாசிட்டா? லாக்கர் வாடகை என்று சொல்லிவிட்டால் சண்டையே இல்லை.

அறிவியல் பொய்யில்லை. 1988ல் பாரீஸின் செயின்ட் லூயி மருத்துவமனையில் எலியான் க்ளுக்மான் என்ற டாக்டர், ஃபான்கோனி ரத்தசோகை வந்த 5 வயதுப் பையனுக்குத் தொப்புள்கொடி ரத்தத்தை ஏற்றினார். பையன் பிழைத்தான். உலகத்திலேயே அதுதான் முதல் முறை. ஆனால் அது அவன் ரத்தமில்லை சார், தங்கையுடையது! பரம்பரைக் கோளாறு என்றால் அவனுடைய கொடியிலும் அதே கோளாறுதானே இருக்கும்? வீட்டு போரில் உப்புத் தண்ணீர் என்றால் அதையே பாட்டிலில் பிடித்து வைத்து என்ன லாபம்?

வால்வு கதைக்கும் ஆதாரம் உண்டு. 2008ல் ம்யூனிக்கில் ரால்ஃப் சோடியன் குழுவினர், உறைய வைத்த கொடி ரத்தத்திலிருந்து செல் எடுத்து, வால்வு வடிவச் சட்டங்களில் திசு வளர்த்துக் காட்டினார்கள். அருமையான வேலை. ஆனால் அது நடந்தது லேபில். இன்றுவரை வழக்கமான வைத்தியமாகவில்லை. இந்தச் சின்ன விஷயத்தை மறைக்கத்தான் புத்தகம் முழுக்க 'லாம்' போட்டே எழுதியிருக்கிறார்கள். வளர்க்கலாம், மாற்றலாம், காப்பாற்றலாம். 'கிறோம்' வருகிற ஒரே இடம், கட்டணம் வசூலிக்கிறோம்.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் 2017 வழிகாட்டுதலில் விஷயம் பளிச்சென்று இருக்கிறது. கொடி ரத்தத்தைச் சேமிக்க மட்டுமே அனுமதி. கொடித் திசுவை வணிகமாகச் சேமிக்க அனுமதியில்லை.

இன்னொரு பக்கத்தில், கொடியைத் தாயத்தில் அடைத்து அரைஞாணில் கட்டிய நம் முன்னோர்கள்தான் முதல் ஸ்டெம்செல் வங்கியாம்! ஸ்டெம்செல் உயிரோடு இருக்க மைனஸ் 196 டிகிரி திரவ நைட்ரஜன் வேண்டும். காய்ந்து சருகான கொடியில் ஏது உயிர்? பாட்டி பாசத்தில் கட்டினாள். பில் போடவில்லை.

புதுச்சேரிக்காரர்களுக்கு இதில் ஒரு தனி வேடிக்கை. இங்கே பல சொல்தா குடும்பங்களில் பிரெஞ்சு பாஸ்போர்ட் உண்டு. அக்கா பாரீஸில் பிள்ளை பெற்றால் தனக்கென்று கொடி ரத்தத்தைத் தனியார் வங்கியில் போட முடியாது. அங்கே சட்டம் விடாது. பொது வங்கிக்குத் தானம் தரலாம், பொருந்துகிற யாருக்காவது போகும். குடும்பத்தில் ஏற்கெனவே நோயாளி இருந்தால்தான் விதிவிலக்கு. தங்கை முத்தியால்பேட்டையில் பெற்றால் அதே குடும்பம் நகையை அடகு வைத்துப் பணம் கட்டுகிறது. முதல் சிகிச்சை செய்து காட்டிய நாடே தனியாருக்குக் கதவைச் சாத்தியிருக்கிறது என்பதைப் புத்தகத்தில் எந்தப் பக்கத்திலும் காணோம்.

உங்கள் மூத்த பிள்ளைக்கு தலசீமியா மாதிரி ரத்த நோய் இருக்கிறதா? அப்போது அடுத்த குழந்தையின் கொடி ரத்தம் நிஜமாகவே பொக்கிஷம். ஜிப்மர் மாதிரி பெரிய ஆஸ்பத்திரியில் ரத்தநோய் டாக்டரைக் கேட்டு முடிவு செய்யுங்கள். மற்றவர்கள், கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் பிரசவம் பார்க்கும் டாக்டரிடம் ஒன்று கேளுங்கள். பிறந்த குழந்தைக்கு இரும்புச்சத்து சேர, கொடியை ஒரு நிமிஷமாவது கழித்துத்தான் கட்ட வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அந்த ஒரு நிமிஷ ரத்தம் முதலில் பிள்ளைக்கா, பைக்கா?