பேய் வராத லயங்கள்: மலையகச் சிறுகதையில் சாவும் நினைவும்

புதுமைப்பித்தன் பேய்க்கதை எழுதத் தெரியாதவரல்லர். 'காஞ்சனை'யில் பட்டணத்து வீடொன்றுக்குள் பேயையோ பிரமையையோ நடமாட விட்டார். 'காலனும் கிழவியும்' கதையில் எமனையே ஒரு கிழவியின் குடிசைக்கு அனுப்பித் தோற்கவைத்தார். அதே கை 1930களில் இலங்கைத் தேயிலைத் தோட்டத்தைக் களமாக்கி 'துன்பக் கேணி' எழுதியபோது பேய்க்கு வேலை இருக்கவில்லை. பசியும் நோயும் துரைத்தனமுமே போதுமானவையாக இருந்தன. பின்னால் இலங்கையின் தேயிலை மலைநாடான மலையகத்தில், அட்டனிலிருந்தும் தலவாக்கலையிலிருந்தும் பதுளை, மாத்தளைப் பக்கத்திலிருந்தும் எழுத வந்தவர்கள் பெரும்பாலும் இந்த வழியிலேயே போனார்கள். மலையகச் சிறுகதையில் சாவு ஏராளம். செத்தவர் திரும்பி வருவதுதான் அரிது.

இதற்கு உடனே சொல்லப்படும் விடை, அந்தத் தலைமுறை யதார்த்தவாதத் தலைமுறை என்பது. விடையில் உண்மை இருக்கிறது. 1960களில் மலைநாட்டு எழுத்தாளர் மன்றம் நடத்திய சிறுகதைப் போட்டிகளின் பரிசுக் கதைகள் 1971இல் 'கதைக் கனிகள்' என்று தொகுக்கப்பட்டன. அந்தப் போட்டிகளும் 'வீரகேசரி'யில் எஸ்.எம். கார்மேகம் கவனித்துக்கொண்ட தோட்டப் பக்கமும் வளர்த்தெடுத்த எழுத்தாளர்களுக்குச் சொல்லவேண்டிய அவசரம் ஒன்று இருந்தது: பெரட்டு (காலை ஆளெடுப்பு), கொழுந்து நிறுவை, காம்பரா (தொழிலாளர் வரிசைவீடான லயத்தின் ஓர் அறை), கணக்கப்பிள்ளை, சம்பளம். மறுமையைப் பற்றிப் பேச யாருக்கு நேரம்?

ஆனால் அது முழு விடையல்ல. பேய்க்கும் தங்க ஓர் இடம் வேண்டும். பிலிப்பைன்ஸ் எழுத்தாளர் நிக் வாக்கீன் 1947இல் வெளியிட்ட 'மே டே ஈவ்' கதையில் இறந்துபோன மனைவியின் நினைவு ஒரு பழைய மாளிகையின் கண்ணாடி வழியாகக் கிழவரிடம் வந்து சேர்கிறது. கண்ணாடி, கூடம், தலைமுறைகள் மாறாத வீடு எல்லாம் அங்கே இருக்கின்றன. பத்தடிக்குப் பன்னிரண்டடி லயக் காம்பராவில் உயிரோடிருப்பவர்களுக்கே கால் நீட்ட இடமில்லை. தெளிவத்தை ஜோசப்பின் 'மீன்கள்' சிறுகதை இந்த நெருக்கடியைத்தான் ஒரு குடும்பத்தின் மானப் பிரச்சினையாக எழுதியது. அந்தக் காம்பராவும் தோட்டத்துக்குச் சொந்தம், குடியிருப்பவருக்கல்ல.

புதைகுழியும் அப்படித்தான். தேயிலைக்கு முந்திய கோப்பிக் காலத்தில் தமிழகத்திலிருந்து தோட்ட வேலைக்காக மன்னார்க் கரையிறங்கி மாத்தளை வரை காட்டுவழியே நடந்து வந்தவர்களில் வாந்திபேதிக்கும் காய்ச்சலுக்கும் பலியானவர்கள் வழிநெடுகக் கிடந்தார்கள். மலையேறியவர்களும் பெயர் பொறித்த கல்லொன்று இல்லாமலே மண்ணுக்குள் போனார்கள். மடக்கொம்பரையில் பிறந்து 1947இல் தலவாக்கலைத் தொகுதியிலிருந்து நாடாளுமன்றம் சென்ற சி.வி. வேலுப்பிள்ளை, 1954இல் ஆங்கிலத்தில் எழுதிய 'இன் சிலோன்ஸ் டீ கார்டன்' நெடுங்கவிதையில் தேயிலைக்கு அடியில் அடையாளமின்றிக் கிடக்கும் இந்த முன்னோரையே முதலில் நிறுத்தினார். சக்தி அ. பாலையா அதைத் தமிழாக்கினார். மலையக எழுத்தில் செத்தவர்களின் இடம் எது என்பதை அந்தக் கவிதையே தீர்மானித்துவிட்டது என்று சொல்லலாம். அவர்கள் மேலுலகிலும் இல்லை, வீட்டு மூலையிலும் இல்லை. கொழுந்து பறிப்பவர் தினமும் மிதித்து நடக்கும் மலையில் இருக்கிறார்கள். பின்வந்த சிறுகதைகள் பலவற்றில் பாட்டனாரை நினைக்கும் பாத்திரம் வானத்தைப் பார்ப்பதில்லை, தேயிலையைத்தான் பார்க்கிறது. திரும்பத் திரும்பக் கையாண்டதில் இந்தப் படிமம் சில கைகளில் தேய்ந்து, மேடைப்பேச்சாகிப் போனதும் உண்மை.

இந்த நினைவுக்கு ஒரு வழக்கும் உண்டு. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம், தகப்பன் இலங்கையில் பிறந்தார் என்பதற்கோ, தகப்பன்வழிப் பாட்டனும் பூட்டனும் இங்கே பிறந்தார்கள் என்பதற்கோ ஆதாரம் கேட்டது. பாட்டன் செத்த மலை எதுவென்று பேரனுக்குத் தெரியும். பாட்டனின் பிறப்புப் பத்திரம் அவனிடம் இல்லை. செத்தவர்கள் சாட்சி சொல்ல வராத அந்த விசாரணைதான் மலையகக் கதைகளில் நினைவு என்பதை வெறும் ஏக்கமாக இல்லாமல் உரிமைப் பேச்சாக மாற்றியது. தெளிவத்தை ஜோசப்பின் 1979ஆம் ஆண்டுத் தொகுப்பின் பெயரே 'நாமிருக்கும் நாடே'. அதற்கு முன் 1974இல் வந்த அவரது நாவல் 'காலங்கள் சாவதில்லை'.

அந்தச் சட்டத்துக்குப் பிறகு வந்தது உயிரோடிருப்பவர்களுக்கான இழவு. 1964 அக்டோபர் 30இல் கையெழுத்தான சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம், நாடற்றவரான தோட்ட மக்களில் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் பங்கிட்டது. அண்ணன் ஒரு நாட்டுக்கு, தம்பி இன்னொரு நாட்டுக்கு. இந்தியாவுக்குக் கப்பலேற வேண்டியவர்களை ஏற்றி அட்டனிலிருந்து தலைமன்னாருக்குப் போன ரயிலை நிலையத்தில் நின்று கதறியவர்கள் 'ஒப்பாரிக் கோச்சி' என்றார்கள். மு. சிவலிங்கம் தன் சிறுகதைத் தொகுப்புக்கு அந்தப் பெயரையே வைத்தார். மொழிவரதனின் நூலுக்கும் 'மேகமலைகளின் ஒப்பாரி' என்றுதான் பெயர். ஒரு சமூகத்தின் கதைப்புத்தகங்கள் தலைப்பிலேயே ஒப்பாரி வைப்பது தற்செயல் அல்ல. சாவு வீட்டில் பெண்கள் கட்டிப்பிடித்து அழும் பாட்டுதான் இங்கே எழுத்துக்கு முந்திய வரலாற்றுப் பதிவு. செத்தவரின் பிறந்த ஊர், கப்பலேறிய கதை, பட்ட கடன், கங்காணி செய்த அநியாயம் எல்லாம் அதில் வரும். மலையகச் சிறுகதை நன்றாக அமைந்த இடங்களில் இந்தப் பெண்குரலின் நடை கேட்கிறது. அமையாத இடங்களில் ஆசிரியரின் ஆவேசம் மட்டுமே மிஞ்சுகிறது.

தப்பு என்னும் பறைக்கும் இந்தச் சாவுச் சடங்கில் பங்குண்டு. அந்த நாளில் விடியுமுன் பெரட்டுக்கு எழுப்பியதும் தப்பு, பாடைக்கு முன்னால் நடந்ததும் தப்பு.

செத்தவர் எழுவதே இல்லையா? எழுகிறார், ஆனால் கதையில் அல்ல, கூத்தில். மாசி மாதத்துக் காமன் கூத்தில் சிவனின் தவத்தைக் கலைக்கப்போன மன்மதன் எரிகிறான், ரதி புலம்புகிறாள், எரிந்தவன் பின்னர் எழுப்பப்படுகிறான். பல தோட்டங்களில் இதற்கென்றே காமன் பொட்டல் என்ற திடல் உண்டு. தேயிலைத் தொழிற்சாலைச் சக்கரத்தைக் காக்க ரோதமுனி, தேயிலைச் செடியைக் கத்தரிக்கும் கவ்வாத்து வெட்டுக்குக் கவ்வாத்துச்சாமி என்று ஆலைக்கும் மலைக்கும் தனித்தனித் தெய்வங்களையே மக்கள் படைத்துக்கொண்டார்கள். இயந்திரத்துக்குள் முனியைக் குடிவைத்த கற்பனை எளிய கற்பனையல்ல. எழுத்தாளர்களில் பலர் இதை மூடநம்பிக்கை என்று ஒதுக்கினார்கள், அல்லது வழக்காறு பற்றிய கட்டுரைக்கு ஒப்படைத்தார்கள். மலையகச் சிறுகதை இழந்த மிகப் பெரிய வாய்ப்பு இதுவே. அண்மைத் தலைமுறையில் சிவனு மனோகரன் ஒரு தொகுப்புக்குக் 'கோடங்கி' (குறிசொல்பவர்) என்று பெயர் வைத்தது கதவு திறப்பதற்கான அறிகுறி.

நினைவு இப்போது கால்நடையாகவும் திரும்பியிருக்கிறது. 2023இல், மலையக மக்கள் இலங்கைக்கு வந்து 200 ஆண்டு நிறைவதையொட்டி, முன்னோர் வந்த பாதையிலேயே தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை ஒரு நடைபயணம் நடந்தது. அந்த வழியில் விழுந்தவர்களைப் பற்றிய சிறுகதைகள் இன்னும் போதிய அளவு எழுதப்படவில்லை. கோப்பிக் காலத்தை இரா. சடகோபன் 'கண்டிச்சீமையிலே' நூலில் வரலாறாக எழுதிவைத்திருக்கிறார். கதைக்காரர்களுக்கு அதில் கச்சாப்பொருள் நிறைய உண்டு.

இந்தத் துறைக்குள் புதிதாக நுழையும் வாசகர், துரைவி பதிப்பகத்துக்காக 1997இல் தெளிவத்தை ஜோசப் தொகுத்த 'மலையகச் சிறுகதைகள்', 'உழைக்கப் பிறந்தவர்கள்' ஆகிய இரண்டிலிருந்து தொடங்கலாம். பிறகு அவரது 'மலையகச் சிறுகதை வரலாறு'. பழைய மலையக நூல்கள் பல 'நூலகம்' இணையத்தளத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. ஒப்பாரி தெரிந்த தோட்டத்துப் பாட்டிமார் உங்கள் வீட்டிலிருந்தால், கைப்பேசியிலாவது அவர்கள் குரலைப் பதிந்து வையுங்கள்.