பேரலையின் நீலம் எது?

ஜப்பானிய ஓவியர் ஹொகுசாயின் ‘பேரலை’யைக் காணாதார் இந்நாளில் அரியர். ஆயினும் அவருள் மிகப் பலர் அதனைக் கண்டது கணினித் திரையிலேயன்றித் தாளில் அன்று. திரையில் கண்டதைக் கொண்டே அதன் நீலத்தையும் வெண்மையையும் வியந்து கட்டுரை தீட்டுவோர் உளர்; மாணவர்க்குக் காட்டி வண்ணநயம் உரைக்கும் ஆசிரியரும் உளர். அவர்தம் ஆர்வம் போற்றத்தக்கதே. ஆனால் அவர்கள் புகழும் நீலம் ஹொகுசாயினுடையதா, திரையினுடையதா?

1831ஆம் ஆண்டையொட்டி எடோ நகரில் வெளியான ‘ஃபூஜி மலையின் 36 காட்சிகள்’ என்னும் வரிசையைச் சேர்ந்தது இப்படம். (பெயரில் 36 என்றிருப்பினும் வரிசையில் உள்ளவை 46.) மரக்கட்டையில் செதுக்கி, வண்ணம் பூசி, தாளை மேலே வைத்துத் தேய்த்தெடுத்த அச்சு இது. 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பெர்லினில் கண்டறியப்பட்ட பிரஷ்ய நீலமும் அவுரி நீலமும் இதில் பயன்பட்டுள்ளன. அலையின் நுரைக்கோ மையே இல்லை. வெறுந்தாளே நுரையாய் நிற்கின்றது. அத்தாள் காலத்தால் பழுப்பேறியது. திரைப்படிகள் பலவற்றில் அப்பழுப்பைத் துடைத்துப் பால்வெள்ளையாக்கி விடுகின்றனர். நுரை வெளுக்க வெளுக்க, அருகிலுள்ள நீலமும் வேறொன்றாகத் தோன்றும். இதனை அழகுபடுத்துதல் என்பர். யான் திருத்திக் கெடுத்தல் என்பேன்.

திரை தானே ஒளி உமிழ்வது. தாளோ, தன்மேல் விழும் ஒளியில் மை விழுங்கியது போக எஞ்சியதையே நமக்குத் தருவது. எனவே விளக்கு மாறினால் தாளின் நிறமும் மாறும். அச்சுத் தொழிலார் 5000 கெல்வின் ஒளியில் தாளை நோக்குவது முறை. கணினித் திரைகளின் பொதுத்தரமாகிய எஸ்.ஆர்.ஜி.பி.யோ 6500 கெல்வின் வெண்மையை, அதாவது சற்றே நீலம் சார்ந்த வெண்மையை, அடிப்படையாகக் கொண்டது. கருவியால் திரையை அளந்து, அதன் இயல்பைக் குறிக்கும் வண்ணக் கோப்பினை அமைத்தால் இவ்விடைவெளி பெரிதும் குறையும். முற்றும் நீங்காது. இன்றைய அச்சு மைகளுள் சயான் என்னும் பச்சைநீலத்தின் சில சாயல்களே அத்தரத்தின் எல்லைக்குள் அடங்குவதில்லை.

இவையனைத்தும் செவ்வனே செய்தபின்னும் ஒரு வினா உண்டு: திரை எந்தத் தாளோடு ஒத்தது? ஒரே கட்டைகளிலிருந்து எண்ணற்ற படிகள் எடுக்கப்பட்டன. எடுக்க எடுக்கக் கோடுகள் தேய்ந்தன. முற்படிகளின் வானத்திலிருந்த மெல்லிய இளஞ்சிவப்பு, பல தாள்களில் ஒளிபட்டு மங்கிவிட்டது. இலண்டன் பிரித்தானிய அருங்காட்சியகத்தில் மட்டுமே மூன்று தாள்கள் உள்ளன. தமிழாசிரியர்க்கு இது புதிதன்று. உ. வே. சாமிநாதையர் 1887இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்தது ஏடுகள் பலவற்றை ஒப்புநோக்கியே. எந்த ஏடு என்று கூறாமல் பாடம் காட்டுவாரை நாம் ஏற்போமா? ஓவியத்துக்கு மட்டும் அவ்விதியைத் தளர்த்துவானேன்?

மூன்று படகுகளையும், அலையின் அடியில் சிறுத்து நிற்கும் மலையையும், அவற்றின் அமைப்பையும் திரையைக் கொண்டே தாராளமாகப் பேசலாம். வண்ணம் பற்றி எழுதுவோர் மட்டும், எந்த அருங்காட்சியகத்துத் தாள், அதன் எண் யாது என்று ஒரு வரி சேர்த்தெழுதுக.