ஒரு மில்லிமீட்டர் வட்டம்

ஆய்வுக்கூடப் பொருள்களில் எனக்கு மிகவும் பிடித்தது, கண்ணாடித் தகட்டில் பதித்த ஒரு சிறு வட்டம். குறுக்களவு ஒரு மில்லிமீட்டர்கூட வேண்டியதில்லை. செல்கள் அதற்குள் ஒட்டும், வெளியே ஒட்டா. அவ்வளவுதான் அதன் வேலை.

நியூயார்க்கின் ராக்ஃபெல்லர் பல்கலைக்கழகத்தில் அலி பிரிவன்லூவின் குழுவில், முனைவர் பட்டத்துக்குப் பிந்தைய ஆய்வாளராக இருந்த ஆர்யே வார்ம்ஃப்ளாஷ் 2014இல் இதைக் கொண்டு செய்துகாட்டியது அபாரம். மனிதக் கரு ஸ்டெம் செல்களை வட்டத்தில் வளரவிட்டு, பிஎம்பி4 என்ற ஒரே புரதத்தைச் சேர்த்தார்கள். சாதாரணத் தட்டில் இந்தச் செல்கள் ஒழுங்கில்லாமல் கலந்துகட்டி மாறும். வட்டத்திலோ இரண்டே நாளுக்குள் வளையம் வளையமாகப் பிரிந்துவிட்டன. நடுவில் தோலும் நரம்பும் ஆகக்கூடிய புறப்படலம். சுற்றிலும் தசைக்கும் இரத்தத்துக்குமான இடைப்படலம். அதையடுத்து குடலுக்கான அகப்படலம். விளிம்பில் நஞ்சுக்கொடியை ஒத்த செல்கள். மேலிருந்து கொட்டிய புரதம் எல்லோருக்கும் பொதுதான். ஆனால் விளிம்பு எது, நடு எது என்பதைச் செல்களே கண்டுகொண்டன! மூன்று நிறச் சாயமிட்டால் நுண்நோக்கியில் கோலமாகத் தெரிகிறது.

கருவில் இந்த அடுக்குகள் பிரிவது மூன்றாம் வாரத்தில். பல நாடுகள் மனிதக் கருவை 14 நாளுக்கு மேல் ஆய்வுக்கூடத்தில் வளர்க்க அனுமதிப்பதில்லை. அந்த எல்லை நியாயமானது என்பதே என் எண்ணம். இந்த வட்டம் கரு அல்ல, ஒருபோதும் குழந்தையாகாது. ஆனாலும் நம் எவராலும் பார்க்க முடியாத அந்த வாரத்தை, இதைவிட எளிமையாக எந்தக் கருவியும் காட்டவில்லை.