பெட்டிக்குள் நிற்கும் குளிர்

அறுவை மேசையில் நோயாளி மயக்கத்தில் கிடக்கையிலேயே, வெட்டியெடுத்த கட்டி புற்றுநோயா என்று நோயியல் மருத்துவர் சொல்லியாக வேண்டும். அதற்கு உதவுவது கிரையோஸ்டாட். உறைந்த திசுவை 5 முதல் 10 மைக்ரான் தடிமனில் சீவும் அதன் கத்தியைப் பலரும் புகழ்வார்கள். என் வியப்பு அதன் குளிர்மீதுதான். 1938இல் கோபன்ஹேகனின் கார்ல்ஸ்பர்க் ஆய்வகத்தில் லின்டர்ஸ்ட்ரோம்-லாங்கும் மோகென்சனும் சீவும் கருவி முழுவதையும் குளிர்ப்பெட்டிக்குள் வைத்தார்கள். திசு, கத்தி, சுற்றியுள்ள காற்று என மூன்றும் ஒரே குளிரில் இருக்க வழி பிறந்தது. இன்று பெரும்பாலான திசுக்களுக்கு -20 டிகிரி செல்சியஸை ஒட்டிய குளிர் போதும். மூளைக்கு அதைவிடக் கொஞ்சம் குறைந்த குளிரே வேண்டும், இல்லையேல் நொறுங்கும். கொழுப்போ -30ஐ நெருங்கினாலும் அடம்பிடிக்கும்.

பெட்டியின் குளிரில் திசு உறையும்வரை பொறுமை எதற்கு, உறைய வைக்கும் ஸ்பிரேயை அடித்தால் நொடியில் வேலை முடியுமே என்று கேட்கலாம். அவசரம் உண்மையானது, மெதுவாக உறைந்தால் பனிப்படிகங்கள் செல்களைச் சிதைக்கும் என்பதும் உண்மை. ஆனால் ஸ்பிரேயின் வேகம் திசுத் துணுக்குகளையும் நுண்திவலைகளையும் காற்றில் கிளப்பிவிடும். காசநோய்க் கிருமி குளிரில் சாவதில்லை. ஆபத்து குனிந்து வேலை செய்பவரின் மூச்சுக்குத்தான். திரவ நைட்ரஜனிலும் சிக்கல் உண்டு: திசுவைச் சுற்றி ஆவிப்படலம் உருவாகிக் குளிரைத் தடுக்கும், காற்றோட்டமற்ற அறையில் ஆக்சிஜனையும் விரட்டும். முன்பே குளிரவைத்த உலோகக் கட்டியைத் திசுவின்மேல் அழுத்தினால் வேகமும் கிடைக்கிறது, எதுவும் தெறிப்பதுமில்லை. அடுத்த திசுவுக்கு முன் அந்தக் கட்டியைக் கிருமிநீக்கம் செய்ய வேண்டும், அவ்வளவே.