ருக்மணி தேவி: மேடையும் திரையும் எல்லைகளும்

முதற் சிங்களப் பேசும்படத்தின் கதாநாயகி ருக்மணி தேவி. 1923இல் ரம்பொடையில், கொழும்புச் செட்டிக் குடும்பமொன்றிற் பிறந்த அவருடைய இயற்பெயர் டெய்சி ராசம்மா டானியல்ஸ். கலையில் இனத்தூய்மை தேடுவோர், சிங்கள மக்கள் தமது குரலாகவே ஏற்றுப் போற்றிய இக்கலைஞரை எவ்விடத்தில் வைத்து மதிப்பிடுவர்?

சிறுவயதிலேயே இராமாயண நாடகத்திற் சீதையாக மேடையேறிய அவர், பின்னர் பீ. ஏ. டபிள்யூ. ஜயமான்னவின் மினர்வா நாடகக் குழுவிற் புகழ்பெற்றார். அக்குழுவின் நாடகமொன்றே 1947இல் 'கடவுனு பொரொந்துவ' என்னும் அப்பேசும்படமாயிற்று. தயாரித்தவர் எஸ். எம். நாயகம் என்னும் தமிழர். படமாக்கப்பட்ட இடம் மதுரை. மேடையில் நடித்தோரே கடல்கடந்து சென்று கமராவின் முன் நின்றனர்.

தென்னிந்திய ஸ்ரூடியோக்களில் உருவான அக்காலச் சிங்களப் படங்கள் வெறும் போலிகள் என்பது விமர்சகர் பலரின் தீர்ப்பு. அதில் உண்மை இல்லாமலில்லை. இந்தியப் படங்களின் மெட்டுகளும், நம் நாட்டுக் கிராமத்தின் சாயலே அற்ற காட்சியமைப்பும் அவற்றில் மலிந்திருந்தன. 1956இல் லெஸ்டர் ஜேம்ஸ் பீரிஸ் 'ரேகாவ' படத்துக்காகக் கமராவை ஸ்ரூடியோவுக்கு வெளியே கொணர்ந்தபோது இக்குறை துலக்கமாயிற்று. அந்த அளவுகோலால் அளப்பின், ருக்மணி தேவியின் நடிப்பு மிகையானதாகவே தோன்றும். கடைசி வரிசையில் இருப்பவனுக்கும் எட்டவேண்டிய குரலையும் அசைவையும் மேடை அவருக்குக் கற்பித்திருந்தது. ஆயினும் அவர் பாடத் தொடங்கியதும் அம்மிகை கரைந்து, துயரம் இயல்பாகவே வெளிப்படுகின்றது. மக்களின் நெஞ்சைத் தொட்டது அக்குரலே.

இங்கு இரண்டினை நாம் பிரித்தறிதல் வேண்டும். சொந்த ஸ்ரூடியோவும் மூலதனமும் இல்லாமையாற் பிறர் கையை எதிர்பார்த்து நின்றமை ஒன்று. கலைஞரிடையே நிகழ்ந்த கொடுக்கல் வாங்கல் மற்றொன்று. முன்னையதைச் சாடும் வேகத்திற் பின்னையதையும் அந்நியமென ஒதுக்குவது தேசியமன்று, குறுகிய இனவாதமேயாகும்.

திரை வாய்ப்புகள் அருகிய பின்னர் இசை நிகழ்ச்சிகளே அவருக்குத் தொழிலாயின. 1978 ஒக்டோபர் 28ஆம் திகதி, மாத்தறையிற் பாடிவிட்டுத் திரும்புகையில், ஜா-எலவை அடுத்த துடெல்லவில் வாகன விபத்தில் உயிரிழந்தார். அப்போது அவருக்கு வயது 55. நட்சத்திரத்தைக் கொண்டு இலாபம் ஈட்டும் திரைத்தொழில், அந்த நட்சத்திரத்தின் பிற்காலத்துக்கு எந்தப் பொறுப்பையும் ஏற்பதில்லை. இறந்த கலைஞருக்கு விழா எடுப்பது எளிது. வாழும் கலைஞரின் உழைப்புக்கு உரிய ஊதியமும் முதுமைக்குக் காப்பும் கேட்டுப் போராடுவதே நாம் அவருக்குச் செலுத்தக்கூடிய மெய்யான அஞ்சலி.