பிளாஸ்டிக் ஷெட்டில் கோழிகள்: வாங்கலாமா?

தோட்டச் சாமான் போட்டுவைக்க விற்கும் பிளாஸ்டிக் ஷெட் ஒன்றை, 6 அடிக்கு 4 அடி, லண்டன் புறநகரில் எங்கள் வீட்டுப் பின்புறத்தில் கோழிக்கூடாக மாற்றி, ஒரு குளிர்காலமும் ஒரு கோடையும் பார்த்தாகிவிட்டது. உள்ளே ஐந்து கோழிகள். இனி மரக்கூடு வேண்டவே வேண்டாம் என்பது என் தீர்ப்பு. முக்கியக் காரணம் செள்ளு.

இங்கே ரெட் மைட் என்று சொல்லும் இந்தச் சிவப்புச் செள்ளு பகலில் கோழிமேல் இருக்காது. பலகை இடுக்கில் ஒளிந்திருந்து, இருட்டியதும் ஏறி ரத்தம் குடிக்கும். கொண்டை வெளுக்கும், முட்டை குறையும். வெயில் காலத்தில் ஒரு வாரம், பத்து நாளில் அடுத்த தலைமுறை வந்துவிடும். இரையே இல்லாவிட்டாலும் மாதக்கணக்கில் சாகாது. மரத்தில் அதை ஒழிப்பது பெரும்பாடு. பிளாஸ்டிக் சுவரை ஹோஸ் வைத்து அடித்துத் துடைத்தால் மத்தியானத்துக்குள் காய்ந்துவிடுகிறது.

இதற்கென்றே செய்த பிளாஸ்டிக் கூடு 2004-லிருந்தே இங்கு கிடைக்கிறது: ஆம்லெட் நிறுவனத்தின் எக்லு. நல்ல பொருள்தான். ஆனால் ஷெட்டுக்குள் நிமிர்ந்து நின்று கூட்டிப் பெருக்கலாம். பறவைக் காய்ச்சலுக்காக 2022 நவம்பர் 7 முதல் அடுத்த ஏப்ரல் 18 வரை இங்கிலாந்து முழுக்கக் கோழிகளை அடைத்தே வைக்க வேண்டியிருந்தது. அப்படி மாதக்கணக்கில் அடைக்கும்போது இடம்தான் பெரிய விஷயம்.

இனி குறைகள். ஷெட் செய்தவர்களின் நோக்கம் மழையும் ஈரமும் உள்ளே வரக்கூடாது என்பது. கோழிக்கு வேண்டியது நேர் எதிர்: உள்ளே இருக்கும் ஈரம் வெளியே போக வேண்டும். எச்சத்தில் முக்கால் பங்கு தண்ணீர். ராத்திரி முழுக்க மூச்சு வேறு. மரம் கொஞ்சம் உறிஞ்சிக்கொள்ளும், பிளாஸ்டிக் உறிஞ்சாது. ஷெட்டோடு வரும் காற்றுத்துளையை மட்டும் நம்பினால், குளிர்காலக் காலையில் கூரையின் உட்புறம் முழுக்க நீர்த்துளி கோத்து நிற்கும், அமோனியா நெடி கண்ணைக் கரிக்கும். கொண்டையைக் கருகவைப்பது குளிரைவிட இந்த ஈரம்தான். அதனால் நீளச் சுவர் இரண்டிலும், கூரையை ஒட்டி, ஒரு சாண் உயரத்துக்குப் பட்டையாக வெட்டி எடுத்தேன். கோழிகள் அடையும் கொம்புக்கு நன்றாக மேலே வெட்டினால் காற்று அவற்றின்மேல் நேரே அடிக்காது. வெட்டிய இடத்தில் 13 மில்லிமீட்டர் கண்ணுள்ள வெல்டு மெஷ் போட்டேன். சாதாரணக் கோழிவலையை நரி பல்லாலேயே கிழித்துவிடும். லண்டன் நரிக்கு மனித பயமும் கிடையாது.

வெட்டும்போது ஒன்றைக் கவனிக்க வேண்டும். சுவர் இரண்டு தகடு, நடுவே வெற்றிடம். வெட்டுவாய் திறந்தே கிடந்தால் எந்தச் செள்ளுக்காகப் பிளாஸ்டிக் வாங்கினோமோ, அதற்கே மாளிகை கட்டிக் கொடுத்ததாகிவிடும். விளிம்பு முழுக்க அலுமினியச் சேனல் மாட்டி சிலிகான் வைத்து அடைத்துவிட வேண்டும். ஸ்க்ரூ இந்தச் சுவரில் பிடிக்காது. இரண்டு பக்கமும் அகல வாஷர் கொடுத்து போல்ட்டுதான் போட வேண்டும். உறைபனி நாளில் ட்ரில் பிடித்தால் இந்தப் பாலிப்ரொப்பிலீன் பிளாஸ்டிக் விரிசல் விடும், வெயில் வரட்டும்.

கோழிகளின் பாரத்தைச் சுவர் தாங்காது என்பதால், கொம்புகளுக்குத் தரையில் தனியாக நிற்கும் சட்டம் அடித்தேன். ஒரு கோழிக்கு 25 சென்டிமீட்டர் இடம். கொம்பு 5 சென்டிமீட்டர் அகலத்தில், ஓரம் மழுக்கி இருக்க வேண்டும். அப்போதுதான் குளிரில் விரல்களை மூடி உட்கார முடியும். இது ஒன்றுதான் மரம். மாதம் ஒருமுறை கழற்றி முனைகளில் செள்ளு இருக்கிறதா என்று பார்த்தால் போதும். முட்டையிடச் சதுர வாளி இரண்டு, மரச்சுருள் பரப்பி. தரைக்கடியில் நடைபாதைக் கல் பாவியதில் எலி குடையவில்லை.

வெளிச்சத்துக்காகக் கூரையில் கண்ணாடி போன்ற பட்டை வைத்த மாடல்கள் நிறைய வருகின்றன. கோழிக்கு அவை ஆகாது. ஜூன் மாதம் லண்டனில் ஐந்து மணிக்கு முன்பே விடிந்துவிடும், கொக்கரிப்பில் பக்கத்து வீட்டுக்காரரும் எழுந்துவிடுவார். அதைவிட மோசம் மதிய வெக்கை. 2022 ஜூலை 19-ல் கோனிங்ஸ்பியில் 40.3 டிகிரி அடித்த நாடு இது. கோழிக்கு வியர்க்காது, வாயைத் திறந்து இளைக்கத்தான் தெரியும். மூடிய கூரை, வெளிர் நிறம், மரநிழல் மூன்றும் அமைந்தால் மட்டும் வாங்குங்கள். கரும்பழுப்பு ஷெட் எவ்வளவு தள்ளுபடியில் வந்தாலும் வேண்டாம்.